கடல் பஞ்சாங்கம் படிப்பதில்லை!

“சனிக்கிழமை புறப்படக் கூடாது, கிழக்கே சூலம்!” — பாட்டியின் தீர்ப்பு.

“ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை இராகு காலம். அந்த நேரத்திலா கடற்கரைக்குக் கிளம்புவது? கூடவே கூடாது!” — அத்தையின் ஆணை.

“சின்னவளுக்கு நீரில் கண்டம் இருக்கிறது. கால் நனைக்கவும் விடாதீர்கள்!” — சோதிடர் எழுதித் தந்த எச்சரிக்கை.

கோடை விடுமுறை வந்துவிட்டது. சேலத்திலும் நாமக்கல்லிலும் தருமபுரியிலும், கடலைப் படத்தில் மட்டுமே கண்டு வளர்ந்த குழந்தைகள், “நம் ஊர் ஏரியைவிடக் கடல் பெரிதா அப்பா?” என்று கேட்டுக் கேட்டு, உறக்கம் கொள்ளாமல் விடியலை எதிர்நோக்கிக் கிடக்கின்றன. மாமல்லபுரத்தில் மூன்று நாள் தங்குவதென்று ஏற்பாடு. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. அவர்களுக்காக வீடே பரபரப்பாகிப் பயண ஆயத்தத்தில் ஈடுபட்டிருக்கிறது.

எத்தகைய ஆயத்தம்? சற்றே எட்டிப் பார்ப்போம்.

அடுக்களையிலே புளிச்சோறு கட்டியாகிவிட்டது, முறுக்கு பொட்டலமாகிவிட்டது. பூசை அறையிலே திருநீற்றுப் பொட்டலம் தயார். வாசலிலே நிற்கும் வண்டியின் நான்கு சக்கரங்களுக்கு நான்கு எலுமிச்சம் பழம்! கண்ணேறு கழிக்க ஒரு பூசணிக்காய்! சிறுவன் கையிலே கறுப்புக் கயிறு. சிறுமியின் இடுப்பிலே மந்திரித்த தாயத்து. நல்ல நேரம் குறித்தாயிற்று, நாழிகை கணக்கிட்டாயிற்று, சகுனம் பார்க்கத் தெருமுனையிலே ஆளும் நிறுத்தியாயிற்று!

எல்லாரையும் கேட்டார்கள்; எல்லாவற்றையும் பார்த்தார்கள். கடலை ஒருவரும் கேட்கவில்லை. கடலைப் பற்றி ஒருவரும் படிக்கவில்லை. போகும் கடற்கரையிலே உயிர்காப்பாளர் உண்டா? அங்கே நீரோட்டம் எப்படி? இன்று பேரலை எச்சரிக்கை ஏதேனும் விடுக்கப்பட்டிருக்கிறதா? குழந்தை கூட்டத்திலே தவறிப் போனால் பெற்றோரைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? இத்தனை கேள்விகளில் ஒன்றேனும் அந்த வீட்டிலே எழவில்லை. எழுந்த கேள்வியெல்லாம் ஒன்றுதான் — “இராகு எப்போது? குளிகை எப்போது?”

கேலி செய்யவில்லை, தோழர்களே! கேலி செய்துவிட்டுப் போகும் அளவுக்கு இது சிறிய செய்தியன்று. எலுமிச்சம் பழம் நசுங்கினால் நட்டம் சில காசு. ஆயத்தம் தவறினால் நட்டமாவது குழந்தை!

★

சூலத்தின் கதையை முதலிலே பார்ப்போம். திங்களும் சனியும் கிழக்கே சூலமாம். ஆகவே அந்த இரு நாட்களிலும் கிழக்கு நோக்கிப் பயணம் ஆகாதாம். சோழ மண்டலக் கரைக்குக் கடலே கிழக்கில்தான் இருக்கிறது. பழவேற்காடு முதல் நாகை வரையில் உள்ள மீனவத் தோழன், சனியன்றும் போகிறான், திங்களன்றும் போகிறான். கிழக்கே போகிறான், மீனோடு திரும்புகிறான். அவன் உழைத்துக் கொணர்ந்த மீனைச் சுவைத்து உண்ணும்போது, “எந்தச் சூலத்தைத் தாண்டி வந்தது இந்த வஞ்சிரம்?” என்று எவரும் கேட்பதில்லை!

அதைவிட வேடிக்கை பரிகாரம். தயிர் ஒரு கரண்டி உண்டுவிட்டால் கிழக்குச் சூலம் விலகிவிடுமாம்! ஒரு கரண்டித் தயிருக்கு மழுங்கிப் போகும் சூலம் ஒரு சூலமா? அதற்கு அஞ்சி விடுமுறையிலே ஒரு நாளை வீணாக்குவது அறிவுடைமையா?

தயிரும் சூலமும் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று வைத்துக் கொள்வோம். இராகு காலம் அப்படியல்ல. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் 12 முதல் 1.30 வரை எமகண்டம், மாலை 4.30 முதல் 6 வரை இராகு காலம். இரண்டையும் ஒதுக்கினால் என்ன மிஞ்சுகிறது? பிற்பகல் இரண்டு மணி மிஞ்சுகிறது! மே மாதத்து வெயிலிலே, கொதிக்கும் மணலிலே, நிழல் என்பதே இல்லாத வெட்டவெளியிலே, நான்கு வயதுக் குழந்தையைக் கொண்டு போய் நிறுத்துகிறார்கள் — நல்ல நேரம் பார்த்து!

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கதிரவனின் புறஊதாக் கதிர்கள் மிகக் கடுமையாக இருக்கும். அந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது உலக நல நிறுவனம் கூறும் அறிவுரை. குழந்தைகளின் தோல் மெல்லியது. அவர்கள் உடலிலே நீர் விரைந்து வற்றும். வெயில் தணிந்து காற்று குளிர்ந்து வரும் மாலை நேரந்தான் குழந்தைகள் மணலிலே ஆட ஏற்ற நேரம். அந்த நேரத்தைத்தான் ‘இராகு விழுங்கும் நேரம்’ என்று நீக்கி வைக்கிறது பஞ்சாங்கம்! இராகு விழுங்குவது இருக்கட்டும். வெயில் விழுங்குகிறதே, அதற்கு என்ன பரிகாரம்?

★

இனி, கடலைக் காண்போம்.

கரையை நோக்கி அலை வருகிறது, மீண்டும் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. வந்த நீரெல்லாம் திரும்பிப் போகத்தானே வேண்டும்? நீருக்கடியிலே மணல் மேடுகள் இருக்கின்றன. அந்த மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியாக, கரையிலே குவிந்த நீர் ஓர் ஆறுபோலக் கடலுக்குள் ஓடுகிறது. கரையிலே கல் கொட்டி அமைத்த தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இந்த ஓட்டம் உண்டாகும். இதுவே இழுப்பு நீரோட்டம். வேகம் மிகுந்தபோது நொடிக்கு 2 மீட்டருக்கும் மேல் ஓடக்கூடியது. போட்டியிலே பரிசு பெற்ற நீச்சல் வீரனும் எதிர்த்து நீந்தித் திணறுவான்.

இதன் கொடுமை எங்கே இருக்கிறது தெரியுமா? அந்த இடத்திலே அலை உடைவதில்லை! இரு பக்கமும் வெண்ணுரை பொங்க, நடுவிலே மட்டும் நீர் அமைதியாகத் தோன்றும். அன்புள்ள தந்தை பார்க்கிறார்: “அங்கே அலை அதிகம், இங்கே அமைதியாக இருக்கிறது. குழந்தையை இங்கே இறக்குவோம்” என்று முடிவு செய்கிறார். பாதுகாப்பு என்று எண்ணிப் பிள்ளையைப் பள்ளத்திலே இறக்குகிறார். அன்பு குறைவா அவருக்கு? இல்லை. அறிவிப்பார் இல்லை.

அந்த இழுப்பு ஆளை அடியிலே அமிழ்த்துவதில்லை. வெளியே கொண்டு போகிறது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நேரே நீந்துகிறவன்தான் களைத்து மூழ்குகிறான். பதறாமல் மிதந்து, கை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டிலே நீந்தினால் இழுப்பிலிருந்து வெளியேறலாம். பின்னர் அலையோடு கரை சேரலாம். இதைச் சொல்ல எத்தனை வரிகள் ஆயின? மூன்றே வரிகள்! இராகு காலப் பட்டியலை ஏழு நாளைக்கும் மனப்பாடமாக ஒப்பிக்கும் நாட்டிலே, இந்த மூன்று வரிகளை அறிந்தோர் எத்தனை பேர்?

இன்னொன்று கேளுங்கள். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். திடீரென்று கடல் பொங்கிக் கரையேறும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலே, தென்கடலிலே எழுந்த புயல் உண்டாக்கிய நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து மோதுவதால் நேர்வது இது. திருடனைப் போல் அரவமின்றி வருவதால் கேரள, குமரிக் கரை மீனவர்கள் இதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயரிட்டார்கள். அந்த உழைப்பாளியின் சொல்லையே யுனெசுகோ 2012-ல் அறிவியற் சொல்லாக ஏற்றுக்கொண்டது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்து, நீரின் நிறம் பார்த்து, அலையின் போக்குப் பார்த்து அறிவு சேர்த்தவன் கரையிலே நிற்கிறான். அவனிடம் போய், “ஐயா, இன்று எங்கள் குழந்தைகளை எந்த இடத்திலே விளையாட விடலாம்?” என்று கேட்போர் இல்லை. கடலையே கண்டிராத சோதிடரிடம் காசு கொடுத்துக் கேட்கிறார்கள்!

2024-ம் ஆண்டு மே 6-ம் நாள், குமரி மாவட்டத்திலே கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவம் பயின்றுவந்த ஐந்து பேரை அலை கொண்டு சென்றது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்த நாட்கள் அவை. மாண்ட அந்த இளந்தோழர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நாம் கேட்பது வேறு: இன்றைய இராசிபலன் ஒவ்வொரு வீட்டுக்கும் விடியுமுன் சென்று சேர்கிறதே, கடலின் எச்சரிக்கை ஏன் கரையில் நிற்பவன் காதிலே விழுவதில்லை?

★

இப்போது அந்தச் சின்னவளிடம் வருவோம். அவளுக்கு ‘நீரில் கண்டம்’ என்று எழுதி வைத்தவர் செய்த வேலை என்ன?

கண்டம் என்றதும் கிணற்றங்கரைக்குப் போகாதே என்றனர். வாய்க்காலில் இறங்காதே என்றனர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏரியிலே நீந்தப் பழகியபோது, இவளைத் திண்ணையிலே உட்கார வைத்தனர். ஆண்டுகள் சென்றன, அவளுக்கு நீந்தத் தெரியாது, மிதக்கத் தெரியாது, முகத்திலே நீர் பட்டால் மூச்சை அடக்கத் தெரியாது. ஒரு நாள் கல்லூரித் தோழியரோடு கடலுக்கோ அருவிக்கோ அணைக்கோ போகிறாள். முழங்கால் அளவு நீரிலே கால் இடறுகிறது. ஐந்து நொடி மிதக்கத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாள்!

“அன்றே சொன்னார் சோதிடர்; பலித்துவிட்டது பாருங்கள்!” என்று கூறிக் கண்ணீர் வடிப்பர்.

பலித்ததா? இல்லை, ஐயா, இல்லை! பலிக்க வைத்தீர்கள்! நீருக்கு அஞ்சி நீச்சலைத் தடுத்தீர்கள். நீச்சலைத் தடுத்ததால் நீருக்குப் பலி கொடுத்தீர்கள். கண்டம் சாதகத்திலே இருக்கவில்லை; சாதகத்தை நம்பிய கருத்திலே இருந்தது!

பெண் என்றால் தடை இரண்டு மடங்கு. “பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு? நாலு பேர் பார்ப்பார்களே!” என்று நாணம் பேசுவர். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை தாக்கித் தமிழகத்திலே ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். ஆக்சுபாம் நிறுவனம் 2005-ல் வெளியிட்ட அறிக்கையிலே கடலூர்க் கணக்கு ஒன்று இருக்கிறது: மாண்ட பெண்கள் 391, ஆண்கள் 146. ஏன் இந்த வேறுபாடு? ஆண்களுக்கு நீந்தத் தெரிந்தது. மரம் ஏறத் தெரிந்தது. பெண்கள் கரையிலே மீனுக்காகக் காத்து நின்றார்கள். குழந்தையைக் கையிலே பற்றியிருந்தார்கள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கும் நீச்சலைக் கற்றுக் கொடுக்கவில்லை இந்தச் சமுதாயம். அலை ஆண் பெண் பார்க்கவில்லை; பார்த்தவர்கள் நாம்!

2022 மார்ச்சிலே மும்பைச் சிறுமி ஜியா ராய், 13 வயதினள், தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரை பாக் நீரிணையை நீந்திக் கடந்தாள். ஆட்டிசம் உடைய குழந்தை அவள். 1994-லே அதே நீரிணையைத் தமிழ்ச் சிறுவன் குற்றாலீசுவரன் 12 வயதிலே கடந்தான். இவர்களுடைய சாதகத்திலே என்ன எழுதியிருந்தது என்று நாம் ஆராயவில்லை. இவர்களுடைய கைகளுக்கு என்ன கற்றுக் கொடுக்கப்பட்டது என்பதை மட்டும் காண்கிறோம்.

★

“எல்லாம் விதி! எழுதியதை அழிக்க முடியுமா?” என்பாருக்கு ஒரு கணக்குக் காட்டுவோம். 2021-ம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் நீரில் மூழ்கி மாண்டோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் என்று 2024-ல் அறிவித்தது உலக நல நிறுவனம். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத மழலைகள்! பத்தில் ஒன்பது சாவு, வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நேர்ந்தவை. எழுதுகிறவன் ஏழை நாட்டுக் குழந்தைகளின் தலையிலே மட்டும் ஏன் இப்படித் தாராளமாக எழுதுகிறான்? நாட்டின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டா எழுதுகோலை எடுக்கிறான்?

விதியை நம்பாத நாடுகள் என்ன செய்தன? ஆஸ்திரேலியாவிலே 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, பகலிலே கடலில் குளிப்பதற்குத் தடை இருந்தது. தடை நீங்கியது, மக்கள் அலை அலையாகக் கடலில் இறங்கினர், மாண்டனர். “கடலன்னைக்குப் பசி” என்று சொல்லிப் படையல் போட்டார்களா? இல்லை. இளைஞர்கள் 1907-ல் அலைக்காவற் சங்கங்கள் அமைத்தார்கள். கயிறும் மிதவையும் கொண்டு காவல் நின்றார்கள். 1938 பிப்ரவரி 6-ல் பாண்டைக் கடற்கரையிலே அடுத்தடுத்துப் பேரலைகள் எழுந்து நூற்றுக்கணக்கானோரை இழுத்துச் சென்றன. மாண்டவர் ஐவர், மீட்கப்பட்டவர் ஏறத்தாழ 250 பேர்! அந்த 250 உயிர்களைக் காத்தது எந்தக் கயிறு? கையிலே கட்டும் கறுப்புக் கயிறன்று. கடலிலே வீசும் மீட்புக் கயிறு!

“அவை பணக்கார நாடுகள், நமக்கு இயலுமா?” என்று தயங்குவோர், பக்கத்திலே உள்ள வங்காள தேசத்தைப் பார்க்கட்டும். அங்கே நீச்சற் குளம் கட்டக் காசு தேடி உட்கார்ந்துவிடவில்லை. ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை அமைத்து, சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நீந்தவும், மூழ்குவோரைக் காக்கவும் கற்றுக் கொடுக்கிறார்கள். மூங்கில் நம்மிடம் இல்லையா? குளம் நம்மிடம் இல்லையா? இல்லாதது மனம் ஒன்றே!

கடலைப் படித்த ஒரு குழந்தையின் கதையையும் சொல்லிவிடுவோம். 2004 ஆழிப்பேரலை நாளன்று, தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையிலே பெற்றோரோடும் தங்கையோடும் விடுமுறைக்கு வந்திருந்தாள் டில்லி சுமித் என்ற ஆங்கிலேயச் சிறுமி. வயது பத்து. கடல் நுரைத்துக் கொப்பளித்து மாறுபட்டு நடப்பதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் பள்ளியிலே புவியியல் ஆசிரியர் காட்டிய ஆழிப்பேரலைக் காட்சி நினைவுக்கு வந்தது. “பேரலை வருகிறது!” என்று கூவினாள். பெற்றோர் கேட்டனர், காவலரிடம் சொன்னார்கள், கரை காலியாயிற்று. ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். அந்தக் குடும்பம் விடுமுறைக்குக் கொண்டு சென்ற மூட்டையிலே விலை உயர்ந்த பொருள் எது? பத்து வயதுக் குழந்தையின் தலைக்குள்ளே இருந்த ஒரு பாடம்!

★

“கயிறும் கட்டுகிறோம், காவலும் செய்கிறோம், இரண்டும் இருந்தால் என்ன கேடு?” என்று நயமாகக் கேட்போர் உண்டு. கேடு உண்டு. கயிறு கட்டிய கை, காவல் செய்ததாக எண்ணி ஓய்ந்துவிடுகிறது. தாயத்தை நம்பிய கண், குழந்தையை விட்டு அகன்றுவிடுகிறது. மூழ்கும் குழந்தை கூவி அழைக்கும் என்று எண்ணாதீர்! வாய் நீருக்குள்ளே, மூச்சுக்கே இடமில்லாதபோது கூச்சலுக்கு ஏது இடம்? ஓசையின்றி, ஒரு நிமிடத்துக்குள்ளே முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிடம் தந்தை கைப்பேசியிலே படம் பார்த்துக் கொண்டிருந்தால், எந்தத் தாயத்து எழுந்து ஓடும்?

குழந்தையின் கையிலே கட்டவேண்டிய கட்டு ஒன்று உண்டு, மறுக்கவில்லை. காணும் பொங்கலன்று சென்னைக் கடற்கரையிலே இலட்சக்கணக்கில் மக்கள் கூடும்போது, காவல் துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டிலே ஒரு பட்டை கட்டி அனுப்புகிறார்கள். அதிலே மந்திரம் இல்லை, யந்திரம் இல்லை. பெற்றோரின் தொலைபேசி எண் இருக்கிறது! வழி தவறிய குழந்தையைத் தாய் மடியிலே சேர்ப்பது அந்தப் பத்து எண்கள். இதைவிட ஆற்றல் மிக்க தாயத்து எந்த மாந்திரீகனிடம் இருக்கிறது? ஒரு துண்டுத் துணியும் ஒரு பேனாவும் இருந்தால் எந்தத் தாயும் வீட்டிலேயே செய்துவிடலாம்.

ஆம், மூட்டை கட்டுங்கள்! பூசணிக்காய் இருந்த இடத்திலே ஒரு குடம் குடிநீர் வையுங்கள். ஒரு லிட்டர் தூய நீரிலே ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் வயிற்றுப்போக்கிலே வாடும் பிள்ளையைக் காக்கும் நீர் கிடைக்கும் என்பதை எழுதி வையுங்கள். தலைக்குத் தொப்பி, உடலை மூடும் மெல்லிய பருத்திச் சட்டை, நிழலுக்கு ஒரு குடை — இவை கண்ணேறு கழிப்பதைவிட நன்கு காக்கும். காற்றடைத்த வளையத்தை நம்பி விடாதீர். கரைக்காற்று அதைக் குழந்தையோடு கடலுக்குள் தள்ளும். அது விளையாட்டுப் பொருளே தவிர உயிர்க்கவசம் அன்று. ‘குளிக்கத் தடை’ என்ற பலகை உள்ள இடத்திலே இறங்காதீர். நீந்தத் தெரியாத மழலை நீரருகே இருக்கும் வரையில், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவிலேயே நிற்க வேண்டும். அவர் கண் வேறெங்கும் போகக் கூடாது. களைத்தால் முறை மாற்றிக் கொள்ள வேண்டும்.

முறை மாற்றிக் கொள்வது என்றோமே, அதை ஆடவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சோறு கட்டியவள் தாய். பிள்ளைகளை உடுத்தி ஏற்றியவள் தாய். கடற்கரைக்கு வந்ததும் நடப்பது என்ன? ஆண்கள் அலையிலே ஆடுகிறார்கள். அவள் மணலிலே மூட்டைக்குக் காவல்! கடலைப் பார்க்க வந்தவள் செருப்பைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! அவளும் எழுந்து அலையைத் தொடட்டும். அவளும் நீந்தக் கற்கட்டும். மூட்டையைச் சுமக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் தந்தைக்கும் இரண்டு கைகள் உண்டு. இரண்டு கண்களும் உண்டு.

தீங்கு நேர்ந்துவிட்டாலோ, தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்கி நீர் எடுப்பதும் நேரத்தைக் கொல்லும் வேலை. மூழ்கியவருக்குத் தேவை மூச்சு. வாயோடு வாய் வைத்து மூச்சை ஊட்டுவதும், மார்பை அழுத்தி நெஞ்சத் துடிப்பைத் தூண்டுவதும், 108-ஐ அழைப்பதும் உடனே தொடங்க வேண்டும். இந்த முறையை ஒரு நாளிலே கற்றுக் கொள்ளலாம். மந்திரம் கற்க ஆண்டுகள் ஆகுமாம். மூச்சூட்டக் கற்க ஒரு பிற்பகல் போதும்!

★

இறுதியாக, பகுத்தறிவு பேசும் இளந்தோழர்களிடம் ஒரு சொல். கசந்தாலும் பொறுத்துக் கொள்ளுங்கள்.

பஞ்சாங்கத்தைக் கிழித்துவிட்டோம் என்று பெருமை கொள்கிறோம். நன்று. கிழித்த இடத்திலே எதை ஒட்டினோம்? இராகு காலத்திலே துணிந்து கடலுக்குப் போகிறோம், சரி. நீந்தத் தெரியுமா நமக்கு? இழுப்பு எங்கே என்று காணத் தெரியுமா? தெரியாவிட்டால், சோதிடரை நம்பிப் போனவனுக்கும் நமக்கும் கடல் என்ன வேறுபாடு காட்டும்? மூட நம்பிக்கையை விட்டவன் என்பதற்காக நீர் எவனையும் மிதக்க விடாது! பகுத்தறிவு என்பது மறுப்பு மட்டுமன்று; கற்பது, கற்பிப்பது, காப்பது.

ஆகவே வேலை இருக்கிறது நமக்கு. 2021-ல் ஐக்கிய நாடுகள் அவை, சூலைத் திங்கள் 25-ம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. அந்த நாளிலே நம் மன்றங்கள் கூட்டம் போட்டுக் கலைந்துவிடாமல், ஊர்க் குளத்தருகே கூடட்டும். ஆறு வயது நிரம்பிய ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் — ஆம், சிறுமியும்! — நீந்தப் பழக வழி செய்யட்டும். மக்கள் கூடும் கடற்கரைகளிலே ‘தடை’ என்ற பலகையோடு அரசு கடமை முடிந்ததெனக் கருதாமல், காப்பாளரும், கொடியும், மிதவையும், அன்றைய கடல் நிலையைத் தமிழிலே எழுதிய பலகையும் வைக்க வேண்டுமென்று கேட்கட்டும். அந்தக் காப்பாளர் பணியிலே, கடலை அறிந்த மீனவ இளைஞர்களை முதலிலே அமர்த்தி, தக்க ஊதியம் தரவேண்டுமென்று வாதாடட்டும்.

அந்தச் சேலத்துக் குழந்தைகள் கடலுக்குப் போகட்டும்! போகவே வேண்டும்! உள்ளங்காலின் கீழே மணல் நழுவும்போது அந்தச் சிறுமி எழுப்பும் சிரிப்பொலிக்கு ஈடு ஏது? அந்தச் சிரிப்போடு அவள் போக வேண்டும். அந்தச் சிரிப்போடு அவள் வீடு திரும்ப வேண்டும். இதற்காகத்தான் எழுதுகிறோம், இத்தனையும்.

கடல் பஞ்சாங்கம் படிப்பதில்லை, தோழர்களே! கடலை நாம் படிப்போம். நம் குழந்தைகளையும் படிக்க வைப்போம்!